கைப்பற்றப்பட்டவை

மூன்று இலக்கம் எழுதிய வெள்ளைச் சீட்டு, நூற்றுப் பதினேழு.
பேனா ஒன்று. பொத்தான் கைபேசி ஒன்று.
ரொக்கம் ஆயிரத்து நாற்பது.
அதில் ஓர் இருபது ரூபாய்த் தாளில்
மீன் செதில் ஒட்டியிருந்தது.
செதிலைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பெயர் அஞ்சலாட்சி.
கடலூர் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுப்பவள்.
வெட்டுக்கட்டைக்கு அடியில்
சீட்டுக்கட்டை நெகிழிப் பையில் சுற்றி வைத்திருந்தாள்.
கொடுத்தவன் கலிவரதன் என்றாள்.
கலிவரதனுக்குக் கொடுத்தவன் யாரென்று
அவளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்; எழுதச் சொல்லவில்லை.

"இந்த நம்பரு எங்கேருந்து வருது சார்?"
ஆறு மாதமாய் விற்றவள்
இன்றுதான் கேட்கிறாள்.

ஸ்டேஷன் எழுத்தரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.
ஆசையாய்ச் சொல்லத் தொடங்கினேன்.
மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்,
அரசாங்கமே சீட்டு அடிக்கிறது.
நடுவர்கள் பார்த்திருக்க
பிற்பகல் மூன்று மணிக்கு யந்திரம் சுற்றும்.
ஒவ்வோர் இலக்கமாய் நிற்கும்.
நிற்கிற ஆறில் கடைசி மூன்றைத்தான்
இங்கே நீங்கள் திருடி விற்கிறீர்கள்.

"நம்பரத் திருட முடியுமா?"
சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
அப்படியொரு பிரிவு இல்லை.

"அங்க அந்தப் பணம் யாருக்குப் போவுது?"
பரிசு, கமிஷன், வரி, அச்சுக்கூலி என்று
சதவீதத்தில் நான் தடுமாற
மேசைமேல் விரலால் ஒரு வஞ்சிரம் வரைந்தாள்.
"நடுத்துண்டு பெருசு, அது பரிசு.
வாலு ஏஜெண்டுக்கு.
செவுளு, கொடலு அச்சாபீசுக்கு.
தலை?"

தலை கஜானாவுக்கு.
கெடு முடிந்தும் யாரும் கேட்டு வராத பரிசும்
அங்கேதான் திரும்பும் என்றேன்.

"அந்தத் தலையில கொழம்பு வச்சா யாரு சாப்புடறது?"

ஆஸ்பத்திரி.
இல்லாதவனுக்கு இருதயம், சிறுநீரகம், புற்றுக்கு மருந்து.
அப்படித்தான் படித்திருக்கிறேன்.
சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமென்று பட்டது.

அவள் வீட்டுக்காரனுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ்.
இருட்டோடு பஸ் ஏறி, முள்ளோடை தாண்டி, ஜிப்மர்.
முள்ளோடையில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது.
பிராந்திக்கடை போர்டுகள் தெரியும்.
"அந்தக் கடைங்க வரி எந்த ஆஸ்பத்திரிக்கு சார்?
நம்ம பக்கத்துக் கடைங்க?"

சீட்டுகளை மறுபடி எண்ணினேன்.
நூற்றுப் பதினாறு வந்தது.
இன்னொரு முறை. பதினேழு.

தடை வராத காலத்தில் ஒருவனைத் தூக்கியிருக்கிறேன்.
நான் வேலைக்குப் புதிது.
வலையை விற்றுச் சீட்டு வாங்கியவன்,
பூச்சிமருந்து நாற்றத்தோடு ஐஸ் பேக்டரிச் சுவரோரம் கிடந்தான்.
சட்டைப்பையில் கட்டுக்கட்டாய்ச் சீட்டு.
வெள்ளைத்தாள் அல்ல.
முத்திரையும் கையெழுத்தும் உள்ள, சட்டப்படியான சீட்டு.
அந்த மீனின் தலையும்
எங்கோ எவருக்கோ குழம்பாகியிருக்கும்.
பிழைத்தவர் யாராவது இருக்கலாம்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் கோர்ட்டில் அபராதம் ஐந்நூறு.
கேள்வி முடியுமுன்பே ஒப்புக்கொண்டாள்;
பகல் வண்டிக்கு மத்தி வருமாம்,
கட்டை காலியாய்க் கிடக்குமாம்.
மடியிலிருந்து எடுத்த நோட்டுகள் ஈரமாயிருந்தன.
ஆறு மாதம் அவள் கை வழியே போன பணத்தில்
அரசாங்கத்தைச் சேர்ந்தது
இந்த ஐந்நூறு ஒன்றுதான்.

ரசீதில் தொகை உண்டு, தேதி உண்டு.
எந்த ஆஸ்பத்திரிக்கென்று இல்லை.

அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
மேல்மூலையில் அச்சாகியிருந்த எண்ணின்
கடைசி மூன்றை
உதடு அசையாமல் படித்தாள்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.
மணி இரண்டே முக்கால்.